நடுத்தர ஓட்டலில் நல்ல அறை யாருக்குப் போகிறது?

கேள்வி இதுதான்: "நகரத்தின் நடுவில் ஒரு மூன்று நட்சத்திர ஓட்டலில் இரண்டு இரவு தங்கினேன். படத்தில் பார்த்த அறையும் கிடைத்த அறையும் வேறு வேறு. மதியம் 1 மணிக்குப் போனேன், மூன்றரைக்குத்தான் சாவி கிடைத்தது. அறை லிஃப்டை ஒட்டி இருந்ததால் முதல் இரவு சரியான தூக்கமில்லை. வெந்நீர் வர வெகுநேரம் ஆனது, ஏசியும் குளிரவில்லை. கிளம்பும்போது இதையெல்லாம் சொன்னதற்கு, 'அன்றைக்கே சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போமே' என்றார்கள். பில்லுக்கு மேலே ஒரு தொகை இன்னும் கார்டில் பிடித்தபடி நிற்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?"

இந்த மாதிரி ஓட்டல்களில் ரிசப்ஷனிலும், அப்புறம் டியூட்டி மேனேஜராகவும் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சொன்னால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஏமாற்றவில்லை. அந்த ஓட்டலில் இருக்கும் சுமாரான அறைகளில் ஒன்று உங்கள் பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இணையத்தில் நாம் தேர்ந்தெடுப்பது ஓட்டலை. ஆனால் தங்குவது ஓர் அறையில். நடுத்தர ஓட்டல் ஒன்றில் ஒரே விலைக்கு விற்கும் அறைகளுக்குள் இருக்கும் வித்தியாசம், பல சமயம் இரண்டு ஓட்டல்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரியது. ஒன்று பின்பக்கம் பார்த்து அமைதியாக இருக்கும், போன வருஷம்தான் மெத்தை மாற்றியிருப்பார்கள். அதே விலைக்கு இன்னொன்று லிஃப்ட் மோட்டாரின் அதிர்வோடு, பழைய கம்பளத்தோடு இருக்கும். இணையத்தில் போட்டிருக்கும் படம் எப்போதும் முதல் வகையில் எடுத்தது.

அப்படியானால் முதல் வகை யாருக்குப் போகிறது? அதை முடிவு செய்வது நீங்கள் வந்து நிற்கும் நேரத்தில் இல்லை. காலை ஷிஃப்டுக்கு வருகிறவர் அன்றைக்கு வரப்போகிறவர்களின் பட்டியலை, எங்கள் பேச்சில் அரைவல் லிஸ்ட்டை, எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் அறை எண்ணைப் போடுவார். இதற்கு ரூம் பிளாக்கிங் என்று பெயர். சில இடங்களில் முந்தின நாள் மாலையே முடித்துவிடுவார்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கும் உறுப்பினர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் முதலில் அறை ஒதுக்குவார்கள். அப்புறம் குறிப்பாக ஏதாவது கேட்டு வைத்திருப்பவர்கள், நான்கைந்து நாள் தங்குகிறவர்கள், ஓட்டலிலேயே நேரடியாகப் பதிந்தவர்கள் என்று போகும். கடைசியில் மிஞ்சுவது, பதிவுத் தளம் ஒன்றின் வழியாக ஓரிரு இரவுக்கு, எந்தக் குறிப்பும் எழுதாமல் பதிந்தவர்கள். லிஃப்டை ஒட்டிய அறை, லினன் அறைக்கு (விரிப்பும் துண்டும் வைக்கும் அறை) எதிர் அறை, விருந்து மண்டபத்துக்கு நேர் மேலே உள்ள அறை எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். அதில் பகை எதுவும் இல்லை. அந்த அறைகளையும் யாருக்காவது கொடுத்தாக வேண்டும், எதுவும் கேட்காதவருக்குக் கொடுப்பது சுலபம், அவ்வளவுதான்.

பதிவுத் தளங்கள் பொதுவாக அறை வாடகையில் 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன. அதனால் அதே விலைக்கு நேரடியாகப் பதிகிறவர்மேல் ஓட்டலுக்குத் தனிக் கரிசனம் இருக்கும். தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு, ஓட்டலுக்கே போன் செய்து "இதே விலைக்குக் கொடுப்பீர்களா, கூட ஏதாவது சேர்த்துத் தர முடியுமா?" என்று கேட்கலாம். விலை இறங்காவிட்டாலும் காலை உணவோ, தாமதமாகக் காலி செய்யும் அனுமதியோ கிடைக்க வாய்ப்பு உண்டு. தளத்தின் வழியாகத்தான் பதிவேன் என்றாலும் தவறில்லை. பதிந்த பிறகு ஓட்டலுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

அந்தப் போன் முக்கியமானது. வருவதற்கு முந்தின நாள் மதியத்துக்கு மேல் செய்யுங்கள். காலை 10-லிருந்து 12 வரை ரிசப்ஷனில் காலி செய்கிறவர்களின் கூட்டம் இருக்கும், அப்போது சொன்னால் காதில் ஏறாது. ஓட்டல் குழுமத்தின் பொது எண்ணுக்குப் பேசுவதால் பயனில்லை. அந்தக் கட்டடத்தின் ரிசப்ஷனுக்கே பேச வேண்டும். "அமைதியான அறையாகக் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "லிஃப்டுக்கும் லினன் அறைக்கும் தள்ளி, பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு இல்லாத அறை வேண்டும். மாலை 4 மணிக்கு வருவேன். பதிவில் இதைக் குறித்துக்கொள்கிறீர்களா?" அறைகளை ஒதுக்குகிறவருக்கு இது உடனே எண்ணாக மாறும். இரண்டு கோரிக்கைக்கு மேல் வைக்காதீர்கள். எட்டுக் கோரிக்கை வைத்தால் எட்டும் விட்டுப்போகும்.

இடைக்கதவை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், இரண்டு அறைகளைக் குடும்பமாக எடுப்பவர்களுக்காக நடுவில் ஒரு கதவு வைத்திருப்பார்கள். மற்ற நேரம் அது பூட்டியே இருக்கும், ஆனாலும் கதவு கதவுதான். சுவர் தடுக்கும் சத்தத்தை அது தடுக்காது. பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடினால் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

வரும் நேரத்தைச் சொல்லச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. சிலர் வராமலே போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டு, ஓட்டல்கள் இருக்கிற அறைகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விற்கும். அன்றைக்கு எல்லோரும் வந்துவிட்டால் கடைசியில் வந்து நிற்கிறவருக்கு அறை இருக்காது. அவரை வேறு ஓட்டலுக்கு அனுப்ப வேண்டி வரும். ஒழுங்கான ஓட்டல் அதே தரத்திலோ மேலான தரத்திலோ வேறு அறை பிடித்து, அந்த இரவின் வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் தானே ஏற்கும். அப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் இந்த இரண்டையும் தயங்காமல் கேளுங்கள். ஆனால் "இரவு 11 மணி ஆகும், கட்டாயம் வருவேன்" என்று சொல்லி வைத்த பெயரை அனுப்பிவைக்க யாருக்கும் மனம் வராது.

நள்ளிரவுக்குப் பிறகு வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டலின் கணக்கில் நாள் 12 மணிக்கு மாறுவதில்லை. இரவுப் பணியில் இருப்பவர் நைட் ஆடிட் என்ற கணக்கு முடிக்கும் வேலையைச் செய்யும்போதுதான் மாறும். 14-ம் தேதி இரவு விமானம் ஏறி 15-ம் தேதி அதிகாலை 2 மணிக்கு வந்து சேர்வீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டியது 14-ம் தேதிக்கான அறை. 15-க்குப் பதிந்திருந்தால் மதியம்வரை லாபியில் உட்கார வேண்டி வரலாம். 14-க்குப் பதிந்துவிட்டுத் தாமதத்தைச் சொல்லாமல் இருந்தால், கணக்கு முடிக்கும்போது வராதவர் பட்டியலில் சேர்த்து, உங்கள் அறையை வேறு யாருக்காவது விற்றிருப்பார்கள்.

இப்போது உங்கள் மூன்றரை மணிக்கு வருவோம். இதில் எனக்கு ஓட்டலின்மேல் பெரிய கோபம் இல்லை. அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு ஒரு ஷிஃப்டில் 13-லிருந்து 16 அறைகள்வரை கொடுப்பது வழக்கம். தங்கிக்கொண்டிருப்பவரின் அறை சீக்கிரம் முடியும். காலி செய்துவிட்டுப் போன அறைக்கு அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். படுக்கை விரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டும், குளியலறையைத் தேய்க்க வேண்டும், முடி ஒன்றுகூட விடாமல் பெருக்க வேண்டும். அப்புறம் மேற்பார்வையாளர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ரிசப்ஷன் கணினியில் அந்த அறை கொடுக்கத் தயார் என்று மாறும். 12 மணிவரை ஆள் இருந்த அறை 3 மணிக்குத் தயாராவது நியாயமான வேகம்தான். 3 மணி என்று எழுதியிருந்து மூன்றரைக்குக் கொடுத்திருந்தால், அரை மணிநேரத் தாமதத்துக்கு ஒரு மன்னிப்பு வந்திருக்க வேண்டும். 1 மணிக்கே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், முந்தின இரவு காலியாக இருந்த அறை எதையாவது உங்கள் பெயருக்குப் போட்டிருப்பார்கள். ரிசப்ஷனில் நின்று அவசரப்படுத்தினால் கிடைப்பது அவசரமாகத் துடைத்த அறை.

தூக்கத்துக்கு வருகிறேன். இதில் பாதிப் பழி கட்டடத்துக்கு. இன்றைய நடுத்தர ஓட்டலின் வடிவத்துக்கு அடிபோட்டவர் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் என்ற அமெரிக்கர். 1908-ல் பஃபலோ நகரில் அவர் திறந்த ஓட்டலில் ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை வைத்து, ஒன்றரை டாலருக்கு அறையும் குளியலறையும் என்று விளம்பரம் செய்தார். அந்தக் காலத்தில் சாதாரண வாடகைக்கு அது பெரிய விஷயம். அவருக்கு அது கட்டுப்படியானதற்குக் காரணம், இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்து, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே குழாய்த் தடம் விட்டதுதான். இன்றும் பெரும்பாலான ஓட்டல்கள் அப்படித்தான் கட்டப்படுகின்றன. இரவு 2 மணிக்குப் பக்கத்து அறைக்காரர் தண்ணீர் திறந்தால் உங்கள் சுவருக்குள் ஓடுவது போலக் கேட்பதற்கு இதுதான் காரணம். இதை ரிசப்ஷனில் சொல்லித் தீர்க்க முடியாது. லிஃப்ட் சத்தமும் விருந்து மண்டபத்துச் சத்தமும் அப்படியில்லை, அறையை மாற்றினால் போய்விடும்.

இன்னொரு பாதிக்கு உங்கள் மூளையே காரணம். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பதைத் தூக்க ஆய்வாளர்கள் ரொம்ப காலமாகவே கவனித்திருக்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கான காரணத்தைக் காட்டினார்கள். பழக்கமில்லாத இடத்தில் ஆழ்ந்த தூக்கத்தின்போதுகூட மூளையின் இடப்பாதியில் ஒரு பகுதி வலப்பாதி அளவுக்கு ஆழமாக உறங்காமல், சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இருக்கிறது. இரண்டாம் இரவுத் தூக்கத்தில் அந்த வித்தியாசம் இல்லை. அதனால்தான் ஒரு நாள் தங்கியவர் திட்டித் தீர்க்கும் அதே அறையை, நான்கு நாள் தங்கியவர் பரவாயில்லை என்கிறார். முதல் நாள் காலையிலேயே முக்கியமான வேலை இருந்தால், முடியும் பட்சத்தில் ஓர் இரவு முன்னதாகவே வந்துவிடுங்கள். சின்னக் குறைக்காக இரண்டாம் நாள் அறை மாற வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். மாறினால் மறுபடியும் ஒரு புது இடம், மறுபடியும் ஒரு முதல் இரவு. மாறுவதென்றால் வந்த கையோடு மாறிவிட வேண்டும்.

அதற்கு அறைக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிஷத்தைச் சரியாகச் செலவிட வேண்டும். பெட்டியைக் கட்டில்மேலோ கம்பளத்திலோ வைக்காமல் குளியலறைத் தரையில் வையுங்கள். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத் தூள் சிந்திய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவிலும் ஒரு பார்வை விடுங்கள், அவை அதிகம் ஒளிவது அங்கேதான். இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அதே வரிசையிலோ நேர் மேலேயோ கீழேயோ உள்ள அறையை மாற்றாக வாங்காதீர்கள். இதைச் சுத்தமின்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முந்தின விருந்தினரின் பெட்டியில் வந்திறங்கும் பூச்சி அது, எந்தத் தர ஓட்டலுக்கும் வரும். துணியில் ஒட்டியிருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் போதும்.

அதே பத்து நிமிஷத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஏசியைப் போட்டு, ஒரு நிமிஷம் எதுவும் பேசாமல் நின்று சத்தத்தைக் கேளுங்கள். ரிசப்ஷனில் இருப்பவருக்கு அந்த அறையின் சத்தம் தெரியாது. அங்கே அவர் ஓர் இரவுகூடப் படுத்திருக்க மாட்டார்.

வெந்நீர் தாமதமாக வருவது பெரும்பாலும் தூரக் கணக்கு. கொதிகலன் கீழ்த்தளத்திலோ மொட்டை மாடியிலோ இருக்கும். அங்கிருந்து வெந்நீரைக் குழாயில் சுற்றவிட்டுக்கொண்டே இருக்க ஒரு பம்பு உண்டு. அது பழுதானாலோ, செலவைக் குறைக்க நிறுத்திவைத்திருந்தாலோ, கடைசி அறைக்கு வெந்நீர் வர ஐந்து நிமிஷம்கூட ஆகும். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு நல்ல சூட்டில் வந்தால் அது குறைதான், ஆபத்தில்லை. எவ்வளவு நேரம் விட்டாலும் வெதுவெதுப்பாக மட்டுமே வந்தால் நான் அந்த அறையை ஏற்க மாட்டேன். 1976-ல் பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில் நடந்த அமெரிக்கப் படைவீரர் சங்க மாநாட்டுக்கு வந்தவர்களில் பலர் நிமோனியா கண்டு இறந்தார்கள். அதற்குக் காரணமான பாக்டீரியாவுக்கு அந்தச் சங்கத்தின் பெயரை ஒட்டியே லெஜியோனெல்லா என்று பெயர் வந்தது. தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அது பெருகும், தண்ணீர் சிறுதுளிகளாகச் சிதறும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். ஓட்டல்கள் வெந்நீரை 60 டிகிரியில் சேமித்துவைக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான். பல நாள் பூட்டிக்கிடந்த அறை மாதிரி தெரிந்தால், ஷவரைத் திறந்துவிட்டுக் குளியலறையை விட்டு வெளியே வந்து சில நிமிஷம் கழித்துப் போங்கள்.

ஏசி விஷயம் பலருக்குப் புரியாததால் அதையும் சொல்லிவிடுகிறேன். நடுத்தர ஓட்டல் பலவற்றில் ஒவ்வோர் அறைக்கும் தனி ஏசி கிடையாது. கட்டடம் முழுவதுக்கும் சில்லர் என்ற ஒரு பெரிய குளிரூட்டும் இயந்திரம் குளிர்ந்த நீரை அனுப்பும். அறையில் இருப்பது அந்த நீர் ஓடும் சுருளும் ஒரு மின்விசிறியும் மட்டும். அதனால் 24-ஐ 16 ஆக்குவதால் சீக்கிரம் குளிராது. விசிறி வேகத்தைக் கூட்டினால்தான் குளிரும். ஜன்னலோ பால்கனிக் கதவோ சரியாக மூடவில்லை என்றால் தானாக நின்றுவிடும் அமைப்பும் பல இடங்களில் உண்டு. சில பழைய கட்டடங்களில் ஒரே குழாய்ச் சோடிதான் இருக்கும். அதில் குளிர்நீர் ஓடும் பருவத்தில் எந்த அறைக்கும் சூடு கிடைக்காது, வெந்நீர் ஓடும் பருவத்தில் குளிர் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் அறை மாறியும் பயனில்லை, ஒரு தனி மின்விசிறி கேட்டு வாங்குவதே வழி. ஆனால் விசிறி வேகமாக ஓடியும் காற்று குறைவாக வருகிறது, ஈரத்துணி வாடை அடிக்கிறது என்றால் வடிகட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பராமரிப்பு ஆள் வந்தால் பதினைந்து நிமிஷ வேலை. உங்கள் அறையில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதற்கு ஓட்டல்தான் பொறுப்பு.

"அன்றைக்கே சொல்லியிருந்தால்" என்ற பதில் உங்களுக்கு எரிச்சல் தந்திருக்கும். தந்த விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் விஷயம் உண்மை. நீங்கள் கிளம்பும்போது ஓட்டலின் கையில் உங்களுக்குக் கொடுக்க எதுவுமே மிச்சமில்லை. மாற்று அறை, பராமரிப்பு ஆள், கூடுதல் போர்வை எல்லாம் தங்கியிருக்கும்போது செல்லுபடியாகும். பில் போடும் நேரத்தில் மிச்சம் இருப்பது பணம் ஒன்றுதான், அதைக் குறைக்கும் அதிகாரம் ரிசப்ஷனில் இருக்கும் இளைஞருக்குக் கிடையாது. அவரால் செய்ய முடிந்தது அறை மாற்றுவது, ஒரு மணி நேரம் தாமதமாகக் காலி செய்ய விடுவது, காலை உணவைச் சேர்த்துத் தருவது. வாடகையில் கைவைக்க டியூட்டி மேனேஜர் வர வேண்டும். அதனால் குறையை ரிசப்ஷனில் ஒரு முறை சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லை என்றால் குரலை உயர்த்தாமல் "டியூட்டி மேனேஜரிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். என்ன வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "ஏசி குளிரவில்லை, 7 மணிக்குச் சொன்னேன், இப்போது 7.40. வேறு அறை வேண்டும்" என்று வந்து நிற்கிறவரை எந்த மேனேஜரும் தட்டிக்கழித்து நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் திட்டிவிட்டு என்ன வேண்டும் என்று சொல்லாமல் போகிறவருக்குத்தான் வெறும் மன்னிப்பு கிடைக்கும்.

சொல்லும் நேரமும் முக்கியம். இரவு 9 மணிக்குள் சொன்னால் ஹவுஸ்கீப்பிங்கில் ஆள் இருக்கும், மாற்று அறையும் இருக்கும். 11 மணிக்கு மேல் பல நடுத்தர ஓட்டல்களில் ரிசப்ஷனில் ஒருவர், காவலுக்கு ஒருவர், அவ்வளவுதான். மீதி அறைகளும் அதற்குள் விற்றுப்போயிருக்கும். அந்த இரவுக்காரர் மேல் கோபப்படாதீர்கள், அவர் கையில் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் புகாரை எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாறும்போது கைமாறும் குறிப்பேட்டில் அது ஏறிவிட்டால், மறுநாள் காலை மேனேஜர் கண்ணில் பட்டே தீரும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். அறை எண்ணைச் சத்தமாகச் சொல்லிச் சாவி கொடுத்தால் வேறு அறை கேளுங்கள், பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் எண்ணை எழுதி, கையில் கொடுப்பார்கள். சாவி அட்டை தொலைந்தால் தயங்காமல் சொல்லுங்கள். புது அட்டையை உங்கள் பூட்டில் ஒரு முறை போட்டதுமே பழையது செல்லாமல் போகும். அறைப் பெட்டகத்துக்கு நீங்கள் போடும் எண் தவிர ஓட்டலிடம் ஒரு பொதுத் திறப்பு உண்டு, எண்ணை மறந்துவிடுகிறவர்களுக்காக வைத்திருப்பது. ரொம்ப விலை உயர்ந்த பொருள் என்றால் ரிசப்ஷனில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். படிக்கட்டுக் கதவு உங்கள் அறையிலிருந்து எத்தனையாவது கதவு என்று ஒரு முறை எண்ணிவையுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது அந்த எண்தான் துணை.

அடுத்த ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது விமர்சனங்களை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சராசரி மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை. கடைசி மூன்று நான்கு மாதத்து எழுத்தை மட்டும் எடுத்து, அதைக் கட்டடம் பற்றியது, ஆட்கள் பற்றியது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். சுவர் மெல்லிசு, லிஃப்ட் ஒன்றுதான் இருக்கிறது, தெருச் சத்தம் என்பதெல்லாம் மாறவே மாறாது, பழைய புகாராக இருந்தாலும் நம்பலாம். ரிசப்ஷனில் அலட்சியம், சுத்தமில்லை என்பவை மேனேஜர் மாறினால் ஒரே மாதத்தில் மாறும், அதனால் புதிய புகாருக்கு மட்டும் மதிப்புக் கொடுக்கலாம். ஒரே குறையைச் சம்பந்தமில்லாத மூன்று பேர் வெவ்வேறு மாதத்தில் சொல்லியிருந்தால் அது உண்மை. புதுப்பிக்கப்பட்டது என்று போட்டிருந்தால் எந்தத் தளங்கள் என்று கேளுங்கள். நடுத்தர ஓட்டலால் முழுக் கட்டடத்தையும் மூடிப் புதுப்பிக்க முடியாது, இரண்டிரண்டு தளமாகத்தான் செய்வார்கள். பாதி முடிந்த நிலையில் போனால், புதுத் தளம் வேண்டும் என்று கேட்டவருக்குத்தான் அது கிடைக்கும்.

கடைசியாகக் கார்டில் நிற்கும் தொகை. நீங்கள் வந்தபோது வாடகைக்கும் எதிர்பாராத செலவுக்கும் சேர்த்து வங்கியிடம் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கச் சொல்லியிருப்பார்கள். அது முன் அனுமதி, இன்னும் எடுக்கப்பட்ட பணம் இல்லை. கிளம்பும்போது அதே கார்டில் பில்லைத் தீர்த்தால், ஒதுக்கியதிலிருந்து பில் தொகையை எடுத்துக்கொண்டு மீதியை விடுவிப்பார்கள். வேறு கார்டிலோ ரொக்கமாகவோ கட்டியிருந்தால், பழைய ஒதுக்கீட்டை யாராவது தனியாக ரத்து செய்ய வேண்டும். கூட்டத்தில் அதைத்தான் மறந்துவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்து செய்யாவிட்டாலும் சில நாளில் தானாகக் காலாவதியாகும், எத்தனை நாள் என்பது கார்டையும் வங்கியையும் பொறுத்தது. டெபிட் கார்டில் இப்படி ஒதுக்கினால் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே முடங்கும் என்பதால் ஒதுக்கீட்டுக்கு எப்போதும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

இன்றைக்கே ஓட்டலின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர், தங்கிய தேதிகள், அறை எண், பில் எண், ஒதுக்கீட்டுத் தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, முன் அனுமதியை ரத்து செய்து அதற்கான உறுதியை எழுத்தில் அனுப்பும்படி கேளுங்கள். கார்டின் முழு எண்ணை எழுதாதீர்கள், கடைசி நான்கு இலக்கம் போதும். அந்த உறுதி வந்ததும் அதை உங்கள் வங்கிக்கு அனுப்பினால், காலாவதி நாள்வரை காத்திருக்காமலே சில வங்கிகள் தொகையை விடுவித்துவிடும். ஏசி பற்றிய புகாரை இதோடு கலக்காமல் ஜெனரல் மேனேஜருக்குத் தனியாக, நாலு வரியில் எழுதுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். அந்த நகரத்துக்கு மறுபடியும் போகிறவராக இருந்தால், அடுத்த முறை ஓர் இரவு வாடகையில் சலுகையோ மேல்தர அறையோ கேளுங்கள். காலியாகக் கிடக்கும் அறையைக் கொடுப்பதால் அவர்களுக்குப் பெரிய செலவில்லை, அதனால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அரைவல் லிஸ்ட்டில் உங்கள் பெயருக்கு எதிரே அந்தக் குறிப்பும் இருக்கும்.